அரை மில்லிமீட்டர் அலகு

செருப்பில் குத்திக்கொண்டு வீடுவரை வந்துவிட்ட நெருஞ்சி முள்ளைப் பிடுங்கி எறிவதுதான் வழக்கம். சென்ற கோடையில் ஒன்றை எறியாமல் மேசைமேல் வைத்துக்கொண்டேன். நெருஞ்சிக்காய் முற்றிக் காய்ந்ததும் ஐந்து துண்டுகளாகப் பிரிந்து உதிரும். காலில் ஏறுவது அந்த ஐந்தில் ஒன்று. திருப்பிப் பார்த்தால் கொம்பு வைத்த மாட்டுத்தலை போலிருக்கும். மேலே இரண்டு நீண்ட முட்கள், கீழே இரண்டு குட்டி முட்கள். நகத்தால் பிளக்கப் பார்த்தேன். நகம்தான் வளைந்தது. பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினேன். 'டக்'கென்று தெறித்தது. உள்ளே சின்னஞ்சிறு அறைகள். அறைக்கு ஒன்றாக, எள்ளைப் போல மூன்று விதைகள்.

இதே போன்ற ஒரு முள்காயை உடைக்க முடியுமா, முடியாதா என்பதில்தான் 1977-ஆம் ஆண்டு, பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பறவையால் முடிந்தது, எதனால் முடியவில்லை என்பதைச் சில ஆராய்ச்சி மாணவர்கள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார்கள். பரிணாமம் கண்ணெதிரே நடப்பதைத் தாங்கள் அளந்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போது அவர்களுக்கே முழுதாகத் தெரியாது.

தீவின் பெயர் டாப்னி மேஜர். தென்னமெரிக்காவின் எக்வடோர் கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் போனால் கலாபகஸ் தீவுக்கூட்டம் வரும். அதில் ஒரு புள்ளி டாப்னி. எரிமலை கக்கிய சாம்பல் இறுகிக் கூம்பாக எழுந்த பாறை. உயரம் 120 மீட்டர், பரப்பு 34 ஹெக்டேர், நம் கணக்கில் 84 ஏக்கர். நடுத்தரமான ஒரு கண்மாய் அளவுதான். கரை என்று ஒன்று கிடையாது. அலை படகைத் தூக்கும் நொடியில் பாறை விளிம்புக்குத் தாவ வேண்டும். மனிதர்கள் யாரும் குடியில்லை, நன்னீர் இல்லை, நிழல் அரிது. கள்ளியும் புதரும் முள்கொடியும் உண்டு. பிறகு, குருவிகள்.

1835-இல் சார்லஸ் டார்வின் கலாபகஸில் ஐந்து வாரம் கழித்தார். டாப்னியில் அவர் கால் வைக்கவில்லை. மற்றத் தீவுகளில் பிடித்த குருவிகளைப் பல குடும்பங்களைச் சேர்ந்தவை என்று நினைத்து, எது எந்தத் தீவில் பிடிபட்டது என்றுகூடச் சரியாகக் குறிக்காமல் பெட்டியில் போட்டுவிட்டார். 1837-இல் லண்டனில் ஜான் கோல்டு என்ற பறவையியலாளர்தான் அவற்றைப் பார்த்துவிட்டு, எல்லாம் நெருங்கிய உறவினர்கள் என்றார். ஃபிஞ்சு எனப்படும் விதை தின்னும் குருவிகள். ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து இன்று பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்களாக இருக்கின்றன. உடம்பு ஏறத்தாழ ஒரே மாதிரி, அலகு மட்டும் இனத்துக்கு இனம் வேறு. ஒன்றுக்குக் கம்பி வெட்டும் குறடு போல, இன்னொன்றுக்கு ஊசி மூக்குக் குறடு போல. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதற்கு டார்வின் சொன்ன விடை, இயற்கைத் தேர்வு. சூழலுக்கு ஏற்ற உடலமைப்பு உள்ளவை பிழைத்துப் பிள்ளை பெறுகின்றன, மற்றவை குறைகின்றன. ஆனால் அது மிக மிக மெதுவாக நடப்பதால் நடக்கும்போது நம்மால் பார்க்க முடியாது என்றும் அவர் நம்பினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் நூறாண்டுக்கு மேல் அதையே நம்பினார்கள்.

பார்த்துவிடுவோமே என்று 1973-இல் கிளம்பியவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி. அப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். இரண்டு சிறு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தீவுகளுக்கு வந்தார்கள். பிறகு நாற்பது ஆண்டுகள், ஆண்டு தவறாமல், வந்தபடி இருந்தார்கள். அந்த நாற்பது ஆண்டுகளைத் தோளில் தாங்கியவர்களில் பலர் முனைவர் பட்ட மாணவர்கள்: பீட்டர் போக், லாரீன் ராட்கிளிஃப், டால்ஃப் ஷ்லூட்டர், ட்ரெவர் பிரைஸ், லைல் கிப்ஸ். ரோஸ்மேரி தாமே முனைவர் பட்டம் பெற்றது 1985-இல்தான், ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில். அதற்குள் பன்னிரண்டு ஆண்டுக் களப்பணியை முடித்திருந்தார். பட்டத்துக்காக வேலையா, வேலைக்காகப் பட்டமா என்று கேட்டால் அவர் விஷயத்தில் விடை தெளிவு.

இனி அந்த வேலையைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வலையைப் புதர்களுக்கு இடையே கட்ட வேண்டும். சிக்கிய குருவியை உள்ளங்கையில் மல்லாத்தி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அதன் கழுத்தை மெதுவாகப் பிடிக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரையின் எடைதான் இருக்கும், 16 கிராம். பிறகு காலிபர். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் கோலிக்குண்டின் விட்டம் அளக்கக் கொடுப்பார்களே, அந்தச் சாதனம். அலகின் நீளம், அகலம், அடிப்பகுதியில் மேலிருந்து கீழ்வரை உள்ள தடிமன், சிறகின் நீளம், காலின் நீளம். கடைசியில் எண் பொறித்த ஓர் உலோக வளையமும் நிறம் நிறமாகச் சில பிளாஸ்டிக் வளையங்களும் காலில் மாட்டினால் குருவிக்கு அடையாள அட்டை கிடைத்துவிடும். இனி அதைப் பிடிக்கவே வேண்டாம். தொலைவிலிருந்து நிறங்களைப் படித்தே பெயர் சொல்லிவிடலாம். தமிழில் அலகு என்றால் பறவையின் வாய். அலகு என்றால் அளவையின் அடிப்படையும்கூட. டாப்னியில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகிவிட்டன.

குருவியை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். சாப்பாட்டையும் அளந்தார்கள். தரையில் சிறு சதுரங்கள் குறித்து, மேல்மண்ணைச் சலித்து, எந்தச் செடியின் விதை எத்தனை என்று எண்ணினார்கள். எண்ணியதோடு விடவில்லை. ஒவ்வொரு விதையும் உடைய எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்க்க, குறட்டில் அளவுமானி பொருத்திய ஒரு கருவியை மெக்கிலில் செய்துகொண்டு வந்தார்கள். எடை காட்டும் பாக்குவெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்விதை தொட்டால் நொறுங்கும். பட்டியலின் மறு கோடியில் நின்றது ஒரு முள்காய். தாவரவியல் பெயர் ட்ரிபுலஸ் சிஸ்டாய்டஸ். நம் வயல்வரப்பு நெருஞ்சியின் பெயர் ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். ஒரே பேரினம், உடன்பிறந்தவர்கள் என்றே சொல்லலாம். (யானை நெருஞ்சி பெயரில்தான் நெருஞ்சி, குடும்பமே வேறு.) அங்கேயும் மஞ்சள் பூ, அங்கேயும் ஐந்தாகப் பிரியும் காய், அங்கேயும் இரும்பு போன்ற ஓடு.

அந்த ஓட்டை ஒரு குருவி எப்படி உடைக்கிறது? கொட்டைப்பாக்கைப் பாக்குவெட்டியின் நுனியில் வைத்தால் வழுக்கும், கீலுக்கு அருகே வைத்தால் பிளக்கும். குருவியும் அதேதான் செய்கிறது. காய்த்துண்டை அலகின் அடிக்குத் தள்ளி, கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் முறுக்கி நெரிக்கிறது. முறுக்கும்போது அலகே முறிந்துவிடாமல் இருக்க அதன் அடி தடிமனாக இருக்க வேண்டும்; பின்னால் தாடைத்தசையும் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய தரைஃபிஞ்சு என்ற இனத்துக்கு இது ஓரிரு நொடி வேலை. டாப்னியில் பெருவாரியாக வாழும் நடுத்தரத் தரைஃபிஞ்சுக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். ஒரு மூலையை மட்டும் பெயர்த்து, ஒன்றிரண்டு விதையோடு விட்டுவிடும். அவற்றிலும் அலகு மெலிந்தவை இந்தக் காயைத் தொடுவதே இல்லை. மழை நன்றாகப் பெய்யும் காலத்தில் தொடவும் தேவையில்லை. சிறுவிதை தரையெங்கும் கொட்டிக் கிடக்கும்.

1977-இல் மழை பொய்த்தது. அந்த ஆண்டு முழுவதற்குமாக டாப்னியில் பெய்தது 24 மில்லிமீட்டர். சென்னையில் ஐப்பசி அடைமழையில் ஒரு மணி நேரத்தில் பெய்துவிடும் அளவு. பீட்டர் போக் அப்போது தம் ஆய்வேட்டுக்காக, பெற்றோர்க் குருவிகளின் அலகு பிள்ளைகளிடம் எந்த அளவுக்கு அப்படியே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் குஞ்சு வேண்டும். அந்த ஆண்டு நடுத்தரத் தரைஃபிஞ்சுகள் கூடே வைக்கவில்லை. ஓர் ஆராய்ச்சி மாணவனுக்கு இதைவிட மோசமான ஆண்டு இருக்க முடியாது. கிளம்பிப் போயிருக்கலாம். அணியினர் அளவெடுப்பதை நிறுத்தவில்லை.

குருவிகள் முதலில் சிறுவிதைகளைத் தின்று தீர்த்தன. பிறகு நடுத்தரமானவை தீர்ந்தன. எஞ்சியதில் பெரும்பங்கு கடினமான விதைகள், குறிப்பாக அந்த முள்காய். குருவிகள் கல்லைப் புரட்டின, மண்ணைக் கிளறின, மெலிந்தன. ஏறத்தாழ 1200 ஆக இருந்த நடுத்தரத் தரைஃபிஞ்சுகள் 1978 தொடக்கத்தில் 180-க்கு வந்து நின்றன. நூற்றுக்கு எண்பத்தைந்து மாண்டுவிட்டன. உயிரோடு இருப்பவற்றின் வளையங்களைப் படித்து, பழைய பதிவேட்டில் அவற்றின் அளவுகளைத் தேடி எடுத்துச் சராசரி போட்டார்கள். பஞ்சத்துக்கு முன் அலகின் சராசரித் தடிமன் 9.4 மில்லிமீட்டர். பிழைத்தவற்றின் சராசரி 9.9-க்கு மேல்.

வித்தியாசம் அரை மில்லிமீட்டர். ஐந்து ஏ-4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவ்வளவு. மெக்கானிக்கல் பென்சிலில் போடும் 0.5 குச்சியின் கனம் அது. அந்தக் கனம் இருந்தவை முள்காயை உடைத்துத் தின்றன. இல்லாதவற்றின் காய்ந்த உடல்கள் பாறைகளுக்கிடையே கிடந்தன. ஆண் குருவிகள் பொதுவாக உடலிலும் அலகிலும் பெரியவை என்பதால் பெண்களைவிட ஆண்களே அதிகம் தப்பின. பஞ்சம் முடிந்தபோது ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு ஆண் என்ற கணக்கில் நின்றது தீவு.

இதை வாசிக்கும்போதெல்லாம் என்னை நிறுத்துவது ஒரு விஷயம். பஞ்சத்தில் பறவை சாவது புதிதல்ல. செத்தவற்றையும் பிழைத்தவற்றையும் உயிரோடு இருந்தபோதே ஒருவர் அளந்து வைத்திருந்தார் என்பதுதான் புதிது. பஞ்சம் வந்த பிறகு காலிபரை எடுத்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. பஞ்சம் வருமென்று யாரும் ஆரூடம் பார்த்து அளக்கவில்லை. பயன் இன்னதென்று தெரியாத ஆண்டுகளிலும் பொறுமையாக ஒவ்வொரு குருவியையும் அளந்த கைகளுக்குக் கிடைத்த பரிசு இது.

இன்னும் ஒரு படி பாக்கியிருந்தது. பெரிய அலகு பிழைத்தது என்பது தேர்வு. அது அடுத்த தலைமுறைக்குப் போனால்தான் பரிணாமம். பெற்றோரின் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பிள்ளைக்கு மரபுவழியாக வருகிறது என்பதை மரபுப்பேறு என்கிறார்கள். போக் தேடிக்கொண்டிருந்ததும் அதைத்தான். அலகுத் தடிமனில் மரபுப்பேறு மிக அதிகம் என்று கண்டார். அப்பனுக்குத் தடித்த அலகு என்றால் பிள்ளைக்கும் பெரும்பாலும் தடித்த அலகுதான். 1978-இல் மழை வந்தது, கூடுகள் வந்தன, குஞ்சுகள் வளர்ந்தன. பஞ்சத்துக்கு முந்தைய தலைமுறையைவிட அவற்றின் அலகு சுமார் 4 விழுக்காடு தடிமன் கூடியிருந்தது. சராசரி உயரம் 165 சென்டிமீட்டராக இருக்கும் ஓர் ஊரில் ஒரே தலைமுறையில் சராசரி 171-க்கு மேல் ஏறினால் எப்படி இருக்கும்? போக்கும் பீட்டர் கிராண்டும் 1981-இல் இதை 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பார்க்கவே முடியாது என்று டார்வின் நம்பியது ஓராண்டுக்குள் நடந்து முடிந்திருந்தது.

அப்படியானால் அலகு பெருத்துக்கொண்டே போகுமா? இங்கேதான் அடுத்த வியப்பு. 1982 கடைசியில் எல் நினோ வந்தது, பசிபிக் கடலின் நீர் வழக்கத்துக்கு மேல் சூடாகி மழையைப் புரட்டிப்போடும் நிகழ்வு. 24 மில்லிமீட்டர் கண்ட தீவில் எட்டு மாதங்களில் 1300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழை அது. பாறைத்தீவு பச்சைக்காடானது. கொடிகள் ஏறிப் படர்ந்து முள்காய்ச் செடியையும் கள்ளியையும் மூடின. குருவிகள் கூட்டுக்குமேல் கூடு கட்டின. பிறந்து மூன்றே மாதமான பெண் குருவிகள்கூட முட்டையிட்டன. தரை முழுக்கச் சிறுவிதை. அடுத்துவந்த வறட்சியில் பெரிய அலகுக்காரர்கள் தவித்தார்கள். பெரிய உடம்புக்குத் தீனி அதிகம் வேண்டும். குறட்டால் கடுகு பொறுக்குவதும் சுலபமில்லை. இம்முறை பிழைத்தவை சிறிய அலகுகள். லைல் கிப்ஸ் இந்த எதிர்த்திருப்பத்தைப் பதிவுசெய்தார். 1987-இல் அது 'நேச்சர்' இதழில் வந்தது. ஊஞ்சல் ஒருபக்கம் போய் மறுபக்கம் திரும்பியது போல. இருபதாண்டுக்கு ஒருமுறை மட்டும் வந்து அளப்பவருக்கு ஊஞ்சல் அசையாமல் நின்றதாகவே தோன்றியிருக்கும்.

அதே மழைக்காலத்தில் தீவுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். பெரிய தரைஃபிஞ்சுகள், மூன்று ஆண், இரண்டு பெண். முன்பெல்லாம் வந்து போகும். இம்முறை குடியமர்ந்து பெருகின. இருபதாண்டு கழித்து, 2003-இலும் 2004-இலும் மறுபடி பஞ்சம். 1977-ஐப் போலவே பெரிய அலகுகள் பிழைக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு. முள்காயைப் புதியவர்கள் அசுர வேகத்தில் தின்று தீர்த்துவிட்டார்கள். அதே காயை நம்பியிருந்த பெரிய அலகு நடுத்தரஃபிஞ்சுகள் பட்டினியில் விழுந்தன. போட்டியே இல்லாத சின்ன விதைகளைத் தின்ற சிறு அலகுகள் தப்பின. கடைத்தெருவில் பெரிய மளிகைக்கடை வந்தால் பக்கத்துக் கடைக்காரர் வேறு சரக்குக்கு மாறுவாரே, அப்படி. போட்டியாளர் வந்ததால் ஓர் இனத்தின் உடலமைப்பே விலகிப்போவதைப் பண்பு விலகல் என்பார்கள். புத்தகங்களில் நெடுங்காலம் ஊகமாக இருந்தது, டாப்னியில் தொடக்கம் முதல் முடிவு வரை அளக்கப்பட்டது.

அலகின் உள்ளே என்ன நடக்கிறது? இது வேறோர் அணியின் வேலை. 2004-இல் ஹார்வர்டில் ஆர்கட் அப்ஜானோவும் கிளிஃப் டேபினும் முட்டைக்குள் வளரும் ஃபிஞ்சுக் கருக்களை ஆராய்ந்தார்கள். பி.எம்.பி.4 என்ற புரதம் கருவின் முகத்தில் முன்கூட்டியே, அதிகமாகச் சுரந்தால் அலகு தடித்து அகலமாகிறது. கால்மோடுலின் என்ற இன்னொன்று நீளத்தைக் கூட்டுகிறது. பிறகு உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சனின் குழு மரபணுத்தொகுதிகளையே படித்தது. அலகின் வடிவத்தோடு ஏ.எல்.எக்ஸ்.1, அளவோடு எச்.எம்.ஜி.ஏ.2 என்று இரண்டு இடங்கள் துலங்கின. கிராண்ட் தம்பதி பல ஆண்டுகளாகக் குருவிகளிடமிருந்து ஒரு சொட்டு இரத்தமும் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைக் கொண்டு 2004 பஞ்சத்தில் எந்த வகை எச்.எம்.ஜி.ஏ.2 செத்தது, எது பிழைத்தது என்று காட்ட முடிந்தது. காலிபர் சொன்னதை மரபணுவும் சொன்னது.

எனக்கு மிகப் பிடித்தது ஓர் அந்நியன் கதை. 1981-இல் டாப்னியில் இருந்த ஒரு மாணவரின் காதில் புதுப் பாட்டு ஒன்று விழுந்தது. பாடியது ஓர் ஆண் குருவி. உள்ளூர்க் குருவிகளைவிடப் பெரிய உடம்பு, பெரிய அலகு. பிடித்து வளையம் மாட்டினார்கள். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எஸ்பன்யோலா தீவிலிருந்து வந்த வேற்றினக் குருவி அது என்பது மரபணுச் சோதனையில்தான் பின்னாளில் தெரிந்தது. அவ்வளவு தூரம் திரும்பிப் பறக்க முடியாமல், உள்ளூர்ப் பெண்ணோடு கூடு கட்டியது. மகன்கள் பாட்டைத் தந்தையிடம்தான் கற்கும். ஆகவே பிள்ளைகள் அந்நியப் பாட்டையே பாடின. 2003-04 பஞ்சத்தில் அந்த வம்சத்தில் மிஞ்சியவை ஓர் அண்ணனும் தங்கையும் மட்டுமே. அவை தமக்குள் இணைந்தன. பிறகு பிறந்தவையும் தம் கூட்டத்துக்குள்ளேயே இணை தேடின. பாட்டு வேறு, அலகு வேறு. உள்ளூர்ப் பறவைகளோடு கலக்கவில்லை. புது இனம் ஒன்றின் முதல் சில தலைமுறைகளை, முதல் ஆள் வந்து இறங்கிய நாளிலிருந்து, மனிதர்கள் பெயர் சொல்லிப் பின்தொடர்ந்தார்கள். 2017-இல் அது வெளியானது.

இவ்வளவு கதையிலும் அந்த முள்காய் வெறும் தீனியாகவே இருந்துவிட்டதா? குருவி காயைத் தேர்ந்தெடுத்தால் காயும் மாற வேண்டுமல்லவா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு தலைமுறை ஆராய்ச்சி மாணவர்கள் போனார்கள். இங்கே பிணம் தேட வேண்டியதில்லை. குருவி விதையைத் தின்ற பிறகும் துளை விழுந்த ஓடு தரையில் கிடக்கும். முழுசாகத் தப்பிய ஓடும் பக்கத்திலேயே கிடக்கும். பொறுக்கி, அளந்து, ஒப்பிட வேண்டியதுதான். மறுபடியும் காலிபர். பெரிய, கடினமான, முள் நீண்ட காய்கள் தப்புவதற்கு வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. குருவியின் அலகைக் காய் செதுக்க, காயின் முள்ளைக் குருவி செதுக்கிக்கொண்டிருக்கிறது.

மேசைமேல் இன்னும் கிடக்கிறது என் நெருஞ்சி, இரண்டு பாதியாக. அடுத்த முறை உடைப்பதற்குமுன் அளந்துவிடலாம் என்று, பக்கத்து வீட்டுப் பையனின் வெர்னியர் காலிபரை வாங்கி வைத்திருக்கிறேன்.